வடாலாவின் மஞ்சள் கட்டைகள்

மும்பைப் புறநகர் ரயிலின் ஹார்பர் லைனில், வடாலா ரோடு நிலையத்தை ஒட்டிய தண்டவாளத்தில் 2009 டிசம்பர் வாக்கில் சில ஸ்லீப்பர் கட்டைகளுக்கு மட்டும் பளிச்சென்று மஞ்சள் பெயின்ட் அடித்தார்கள். ஒரு கொத்துக் கட்டை மஞ்சள், அப்புறம் கொஞ்ச தூரத்துக்கு வெறும் சாம்பல், மறுபடி ஒரு கொத்து மஞ்சள். ஏதோ மராமத்து அடையாளம் என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம். மாடி வீட்டு அண்ணன் மட்டும் "எலெக்‌ஷன் முடிஞ்சு மிஞ்சின பெயின்ட்" என்றார். அந்த அக்டோபரில்தான் சட்டமன்றத் தேர்தல் முடிந்திருந்தது. அதனால் யாரும் மறுக்கவில்லை.

உண்மைக் காரணம் பிறகு செய்தித்தாளில் வந்தது. ஃபைனல்மைல் என்று ஒரு மும்பை நிறுவனம். மனிதர்கள் ஏன் இப்படி நடந்துகொள்கிறார்கள் என்று கவனித்து, அதற்கேற்ப இடத்தையும் பொருளையும் மாற்றித் தருவதுதான் அவர்கள் தொழில். தண்டவாளம் கடக்கும்போது அடிபட்டுச் சாகிறவர்களின் எண்ணிக்கையைக் குறைக்க, மத்திய ரயில்வேயோடு சேர்ந்து வடாலாவில் ஒரு சோதனை செய்தார்கள். கூடுதல் போலீஸ் இல்லை, புது அபராதம் இல்லை, தெருமுனைப் பிரசாரம் இல்லை. கட்டைக்கு மஞ்சள், விசிலில் ஒரு மாற்றம், ஒரு புகைப்படம். அவ்வளவுதான்.

நான் இப்போது மொபைல் செயலிகளுக்குத் திரை வடிவமைக்கும் வேலையில் இருக்கிறேன். எந்தப் பட்டன் எங்கே இருக்க வேண்டும், என்ன நிறத்தில் இருக்க வேண்டும் என்று நாளெல்லாம் சண்டை போடும் வேலை. இந்தத் துறையில் யாரைக் கேட்டாலும் ஆம்ஸ்டர்டாம் விமான நிலையத்து ஆண்கள் கழிப்பறையில், சிறுநீர்க் கிண்ணத்துக்குள் ஈ படம் பதித்த கதையைத்தான் முதலில் சொல்வார்கள். ஈயைக் கண்டால் குறி பார்க்கத் தோன்றும், தரை நனையாது. நல்ல கதைதான். ஆனால் எங்கள் அலுவலகத்தில் புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு நான் வடாலாவைத்தான் சொல்வேன். அந்தத் தண்டவாளத்தை நானே பல வருஷம் கடந்திருக்கிறேன்.

அப்பா துறைமுகத்தில் வேலை பார்த்தார். வீடு கிழக்கே ஆன்டாப் ஹில்லில். நான் படித்த எஸ்.ஐ.டபிள்யூ.எஸ். பள்ளி மேற்கே. நடுவில் ஹார்பர் லைன். 1925-இல் இந்தியாவின் முதல் மின்சார ரயில் ஓடிய தடம் அது என்பதெல்லாம் எங்களுக்குத் தெரியாது. சுற்றிப் போனால் நேரமாகும் என்பதுதான் தெரியும். சுவரில் ஒரு ஆள் நுழையும் அளவுக்கு உடைசல் இருக்கும். அதிலிருந்து ஜல்லியின் மேல் நடந்து நடந்து பதிந்த ஒற்றையடிப் பாதை. முன்னால் ஒரு பெரியவர் பையோடு போவார், பின்னால் இரண்டு பெண்கள், அவர்கள் பின்னால் நாங்கள். அந்த இடத்தில் நின்று பார்த்தால் கடப்பதுதான் இயல்பாகத் தோன்றும். படியேறிப் பாலத்துக்குப் போகிறவர்தான் ஏதோ தனி மனிதர் மாதிரி தெரிவார்.

சட்டம் தெரியாமல் செய்த தவறு இல்லை இது. "தண்டவாளத்தைக் கடப்பது தண்டனைக்குரிய குற்றம்" என்று பலகை இருந்தது. 1989-ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 147-ஆவது பிரிவு: ஆறு மாதம் வரை சிறை, அல்லது 1000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மராத்தி, இந்தி, ஆங்கிலம் என்று மூன்று மொழியில் ஒலிபெருக்கி வேறு ஓதிக்கொண்டிருக்கும். அந்த அறிவிப்பைக் கேட்டுக்கொண்டேதான் கடப்போம். 2023-இல்கூட மும்பைப் புறநகர் ரயில் பாதைகளில் 2500-க்கு மேற்பட்டோர் இறந்திருக்கிறார்கள். அதில் ஏறக்குறையப் பாதிப் பேர் தண்டவாளம் கடந்தவர்கள். அத்தனை பேரும் சட்டம் தெரியாதவர்களா என்ன?

குர்ட் லெவின் என்ற உளவியலாளர் 1936-லேயே இதை ஒரு சூத்திரமாக எழுதி வைத்துவிட்டார். நடத்தை என்பது ஆளையும் பொறுத்தது, அந்த ஆளைச் சுற்றியுள்ள சூழலையும் பொறுத்தது. நம் ஊர் அறிவிப்புப் பலகைகள் எல்லாம் ஆளோடு மட்டுமே பேசுகின்றன. சுவர் உடைசலும் ஜல்லிப் பாதையும் எதிர்ப்பக்கம் வேறு ஒன்றைச் சொல்லிக்கொண்டிருக்கும்போது பலகையின் பேச்சு எடுபடாது.

மஞ்சள் கட்டைக்கு வருகிறேன். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது.

தண்டவாளத்தின் ஓரத்தில் நின்று, தூரத்தில் வரும் லோக்கல் ரயிலைப் பார்த்து "போயிடலாம்" என்று முடிவெடுப்பது கண். யோசனை அதற்குப் பின்னால்தான் வருகிறது. அந்தக் கண்ணை நம்ப முடியாது. ஹெர்ஷல் லைபோவிட்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் ரயில்வே கேட் விபத்துகளைப் பற்றி 1985-இல் எழுதினார். பெரிய பொருள் அதே வேகத்தில் போகும் சின்னப் பொருளைவிட மெதுவாகப் போவதாகவே கண்ணுக்குப் படும் என்றார். அவர் சொன்ன உதாரணம் விமானம். நீங்களே பார்க்கலாம். காட்கோபர் வீடுகளின் மேலாக மும்பை விமான நிலையத்தில் இறங்கும் பெரிய ஜெட் ஏதோ மிதந்து வருவது போல இருக்கும். கூடவே வரும் சின்ன விமானம் விர்ரென்று போவதாகத் தெரியும். நிஜத்தில் அந்தப் பெரியதுதான் வேகம். ரயிலும் அப்படித்தான்.

இன்னொரு சிக்கலும் உண்டு. வண்டி குறுக்கே ஓடினால் வேகம் தெரியும். நேராக நம்மை நோக்கி வந்தால் தெரியாது. கணக்குப் போட்டுப் பாருங்கள். மணிக்கு 60 கிலோமீட்டர் என்றால் நொடிக்கு ஏறத்தாழ 17 மீட்டர். 200 மீட்டரில் இருக்கும் வண்டி 100 மீட்டருக்கு வர ஆறு நொடி. அந்த ஆறு நொடியில் அதன் முகப்பு நம் கண்ணில் இரண்டு மடங்குதான் பெரிதாகிறது. சின்னப் புள்ளி கொஞ்சம் பெரிய புள்ளி ஆகிறது, அவ்வளவே. அடுத்த இரண்டு மடங்குக்கு மூன்று நொடி. அதற்கடுத்த இரண்டு மடங்குக்கு ஒன்றரை நொடி. "திடீர்னு வந்துடுச்சு" என்று தப்பித்தவர்கள் எல்லாரும் சொல்வதில் பொய்யே இல்லை. கண்ணுக்கு அது திடீரென்றுதான் வருகிறது.

சாம்பல் ஜல்லி, சாம்பல் கட்டை, துருப்பிடித்த பழுப்பு. அளந்து பார்க்க அங்கே ஒன்றுமே இல்லை. கொத்துக் கொத்தாக மஞ்சள் அடித்ததும் கண்ணுக்கு ஒரு அளவுகோல் கிடைத்துவிட்டது. வண்டி ஒவ்வொரு மஞ்சள் கொத்தாக விழுங்கிக்கொண்டு வருவது தெரியும். ஒன்று மறைந்தது, அடுத்தது மறைந்தது, அதற்குள் இன்னொன்றும் போயிற்று. கால் தானாக நிற்கும். யாரும் யாருக்கும் அறிவுரை சொல்லவில்லை.

விசில் விஷயம் சுருக்கமானது. முன்பு லோக்கல் ரயிலை ஓட்டும் மோட்டார்மேன் ஒரு நீண்ட விசில் கொடுப்பார். ஹார்பர் லைன் ஓரம் குடிசைகளும் லாரிகளும் ஒலிபெருக்கிகளும் நிறைந்தது. ஒரு நீளச் சத்தம் இன்னொரு நீளச் சத்தத்தோடு கலந்து கரைந்துவிடும். அதை இரண்டு குட்டி விசிலாக்கினார்கள். நடுவில் ஒரு சின்ன மௌனம். தொடர்ந்து கேட்கும் ஒலியைக் காது ஒதுக்கிவிடும், விட்டுவிட்டு வருவதை ஒதுக்காது. அந்த விசிலை எங்கே கொடுக்க வேண்டும் என்று தண்டவாள ஓரத்தில் பலகையும் வைத்தார்கள்.

மூன்றாவது மாற்றம், புகைப்படம். அதுவரை எச்சரிக்கைப் பலகையில் இருந்தது குச்சி மனிதன் படம். அந்தக் குச்சி மனிதன் செத்தால் யாருக்கு என்ன? அதை எடுத்துவிட்டு, ரயில் மோதப்போகும் கணத்தில் ஒரு ஆணின் முகத்தை வரிசையாக மூன்று படங்களில் வைத்தார்கள். நடித்தவர் ஒரு நடிகர்தான். ஆனால் கடைசிப் படத்தில் விரிந்த கண்ணும் திறந்த வாயும் பார்க்கச் சகிக்காது.

எங்கள் கட்டடத்தில் ஒரு மோட்டார்மேன் மாமா இருந்தார், நாகர்கோவில்காரர். லோக்கல் ரயிலில் மோட்டார்மேன் பிடித்திருக்கும் கைப்பிடியை அழுத்தியபடியே இருக்க வேண்டும். மயக்கம் வந்தோ மாரடைப்பு வந்தோ கை தளர்ந்தால் பிரேக் தானே விழுந்து வண்டி நின்றுவிடும். மனிதன் எப்போது வேண்டுமானாலும் தவறுவான் என்று ஒப்புக்கொண்டு செய்த வடிவமைப்பு அது. மாமா அதைப் பற்றிச் சொன்னது: "எனக்கு ஏதாவது ஆனா நிக்க வண்டியில ஏற்பாடு இருக்கு, தாயி. எதிர்ல நிக்கறவன் தடுமாறினா நிக்க ஏற்பாடு இல்ல. பிரேக் போடுவேன். போட்டுட்டுப் பாத்துக்கிட்டே இருக்கணும்." வேகத்தில் வரும் வண்டி நிற்கச் சில நூறு மீட்டர் பிடிக்கும். வடாலாவில் அந்தப் படத்தை வைத்ததும் அவர் மேலே பார்க்காமலே பிளாட்பாரத்தில் நடப்பார். பயணிகளுக்காக வைத்த படம்தான், ஆனால் அந்த முகத்தை ஏற்கெனவே பார்த்திருந்தவர்கள் மோட்டார்மேன்கள் மட்டும்தான். இதை அந்தச் சோதனை பற்றிய செய்தி எதிலும் நான் படித்ததில்லை.

வடாலாவில் சாவு கணிசமாகக் குறைந்ததாகச் செய்தி வந்தது. பிறகு வேறு சில இடங்களிலும் இதைச் செய்தார்கள். மஞ்சளும் விசிலும் வேலை செய்யும் விதம் எனக்குச் சந்தேகமில்லாமல் புரிகிறது. ஒரு நிலையத்துக் கணக்கை வைத்துப் பெரிதாக ஆட நான் தயாரில்லை, அது வேறு. தவிர, மழைக்காலம் ஒன்று போனால் பெயின்ட் மங்கும், பிரேக் தூள் படிந்து எல்லாம் மறுபடி பழுப்பாகும். யாராவது திரும்ப அடித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

புகைப்படத்தில்தான் எனக்கு முழு உடன்பாடு இல்லை. 1965-இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ஹோவர்ட் லெவந்தாலும் கூட்டாளிகளும் மாணவர்களுக்கு டெட்டனஸ் ஊசி பற்றி ஒரு பிரசுரம் கொடுத்தார்கள். சிலருக்கு மென்மையான பிரசுரம், சிலருக்குக் குலைநடுங்க வைக்கும் பிரசுரம். பயந்தவர்கள் "கண்டிப்பாகப் போட்டுக்கொள்வேன்" என்றார்கள். போய்ப் போட்டுக்கொண்டவர்கள் சுமார் 3 சதவீதம். இன்னொரு குழுவுக்குப் பிரசுரத்தோடு கல்லூரி வளாகத்தின் வரைபடமும் கொடுத்தார்கள். மருத்துவ நிலையத்தை வட்டமிட்டு, உங்கள் வகுப்புகளுக்கு நடுவே எப்போது போகலாம் என்று யோசித்து வையுங்கள் என்றும் சொல்லியிருந்தார்கள். அதில் சுமார் 28 சதவீதம் பேர் போனார்கள். மருத்துவ நிலையம் எங்கே இருக்கிறது என்பது மூத்த மாணவர்களுக்குத் தெரியாத ஒன்றா? தெரியும். இருந்தும் வரைபடம்தான் காலை நகர்த்தியது. பயம் அதிகமா குறைவா என்பது ஊசி போட்டுக்கொண்டவர் எண்ணிக்கையைப் பெரிதாக மாற்றவே இல்லை.

அந்த முகத்தைப் பார்த்துப் பயந்து நிற்கிற ஒருவருக்கு அடுத்து என்ன? பாலத்தின் படி பிளாட்பாரத்தின் மறுகோடியில் இருக்கும். அவர் நிற்கிற இடத்திலிருந்து கண்ணில்கூடப் படாது. கையில் காய்கறி மூட்டை, இடுப்பில் குழந்தை. பயம் "போகாதே" என்கிறது, எங்கே போவது என்று சொல்ல ஆளில்லை. கொஞ்ச நாளில் முகமும் பழகிவிடும், பலகை பழகியது போலவே.

இந்த மாதிரிச் சின்ன மாற்றங்களைப் பாராட்டும்போது எல்லாரும் முதலில் சொல்லும் சொல் "மலிவு". அந்தச் சொல்தான் என்னைப் பயமுறுத்துகிறது. பெயின்ட் மலிவு, பாலம் கோடிக்கணக்கில். மலிவான வழி இருக்கிறது என்று தெரிந்ததும் கோடிக்கான கோப்பை யாரும் அவசரமாகத் திறக்க மாட்டார்கள். 2017 செப்டம்பர் 29 காலையில் எல்ஃபின்ஸ்டன் ரோடு நிலையத்து நடைமேம்பாலத்தில் நெரிசலில் இருபதுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். மழை, அதனால் படியில் ஒதுங்கி நின்ற கூட்டம், பின்னாலிருந்து தள்ளிய கூட்டம். சுற்றிலும் மில்கள் போய் அலுவலகக் கோபுரங்கள் வந்து வருஷக்கணக்காகிவிட்டது. பாலம் மட்டும் பழைய குறுகல் பாலம். செத்தவர்கள் யாரும் தண்டவாளத்தைக் கடக்கவில்லை. பலகை சொன்னபடி, சட்டப்படி, பாலத்தில் நின்றவர்கள். அப்புறம் ராணுவத்தைக் கூப்பிட்டு, 2018 பிப்ரவரி இறுதிக்குள் புதுப் பாலம் திறந்துவிட்டார்கள். ஐந்தே மாதம்! முடியாத வேலை ஒன்றும் இல்லை என்பது அன்றைக்கு ஊருக்கே தெரிந்தது. 2016-இல் ஒப்புதல் பெற்ற மும்பைப் புறநகர் ரயில் திட்டத்தில், தண்டவாளம் கடப்பதைத் தடுக்கும் கட்டுமானத்துக்கென்றே தனிப் பகுதி இருக்கிறது. எனக்கு மஞ்சள் பெயின்ட்டும் வேண்டும், பாலமும் வேண்டும். ஒன்றைக் காட்டி மற்றதைத் தள்ளிப்போடுவதில்தான் சண்டை.

என் தொழிலுக்கு வந்தால் இதே அறிவு தலைகீழாக வேலை செய்கிறது. பழைய இணையப் பக்கங்களில் கீழே 1, 2, 3 என்று எண் இருக்கும். பக்கம் முடிந்தது, போதுமா என்று ஒரு நொடி தோன்றும். அது ஒரு மஞ்சள் கட்டை. 2006-இல் அசா ராஸ்கின் என்ற வடிவமைப்பாளர் முடிவில்லாமல் உருண்டுகொண்டே போகும் பக்கத்தை உருவாக்கினார். கட்டை காணாமல் போனது. எவ்வளவு நேரம் போயிற்று என்று அளக்க ஒன்றும் இல்லாமல் கட்டைவிரல் போய்க்கொண்டே இருக்கிறது. பின்னாளில் அவரே வெளிப்படையாக வருத்தம் தெரிவித்தார்.

வடிவமைப்பில் நல்லது கெட்டதைப் பிரிக்க எனக்கு இது ஒன்றே போதும்: ஆளுக்கு ஒரு அளவுகோலைக் கொடுக்கிறோமா, இருக்கிறதைப் பிடுங்குகிறோமா? நான் முன்பு இருந்த ஒரு நிறுவனத்தில், பணம் கட்டும் திரையில் காப்பீட்டுக் கட்டத்தில் முன்கூட்டியே டிக் போட்டு வைக்கலாமா என்று கூட்டம் நடந்தது. "வேண்டாம்னா எடுத்துடப் போறாங்க, நாம தடுக்கலையே" என்றார் ஒருவர். எடுக்க மாட்டார்கள் என்பது தெரிந்ததால்தானே அந்தக் கூட்டமே! ஹாரி பிரிக்னல் என்ற பிரிட்டிஷ் வடிவமைப்பாளர் 2010-இல் இந்த மாதிரித் தந்திரங்களுக்கு டார்க் பேட்டர்ன் என்று பெயர் வைத்துப் பட்டியல் போட ஆரம்பித்தார். 2023 நவம்பர் இறுதியில் இந்திய அரசின் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையமும் 13 வகைகளைப் பட்டியலிட்டு வழிகாட்டு நெறிகள் வெளியிட்டது. அதில் ஒரு உதாரணம் எனக்கு ரொம்பப் பிடிக்கும்: விமான டிக்கெட்டோடு காப்பீடு வாங்காதவரை "நான் பாதுகாப்பில்லாமலே இருந்துகொள்கிறேன்" என்று அழுத்த வைப்பது. வேண்டாம் என்று சொல்பவரைக் கூச வைக்கும் வேலை. அரசாங்க ஆவணம் ஒன்றில் இவ்வளவு துல்லியமான கவனிப்பை நான் எதிர்பார்க்கவில்லை. அந்தக் கூட்டம் நடந்தபோது இது கையில் இருந்திருந்தால் மேஜையில் வைத்திருப்பேன்.

கெட்ட எண்ணமே இல்லாத வடிவமைப்பும் ஆளை இழுத்துக்கொண்டு போகும். பெரியம்மா சென்ட்ரல் லைனில் இருக்கிறாள், இரண்டு முழங்காலும் போய்விட்டது. அவள் நிலையத்தில் எஸ்கலேட்டர் வந்தது. மேலே ஏற மட்டும். ஏறுவதுதான் கஷ்டம், இறங்குவது சுலபம் என்று யாரோ நினைத்திருக்கிறார்கள். மூச்சு வாங்குகிறவருக்கு அது சரி. முழங்கால் தேய்ந்தவருக்கு நேர் எதிர், இறங்கும்போதுதான் உயிர் போகும். அதனால் பெரியம்மா ஊருக்குள்ளிருந்து வரும்போது கல்யாண் பக்கத்துக் கோடியில் உள்ள பழைய பாலத்தின் சாய்தளத்தில்தான் இறங்குவாள். திரும்பி வரும்போதும் அதே பாலம் எதிரே வர வேண்டும் என்று, அது எந்தப் பெட்டிக்கு நேராக நிற்கிறது என்று பார்த்து வைத்து அந்தப் பெட்டியில் மட்டுமே ஏறுவாள். அது ஆண்கள் நெரியும் ஜெனரல் பெட்டி. என் தங்கை வாராவாரம் திட்டுகிறாள், லேடீஸில் ஏறினால் என்ன, உட்காரவாவது இடம் கிடைக்குமே என்று. பெரியம்மா மசிவதாக இல்லை. "அந்தச் சாய்தளத்த லேடீஸ் டப்பா எதிர்ல கொண்டு வந்து வைக்கச் சொல்லு, நாளைக்கே ஏறுதேன்."